ஞாயிற்றுக்கிழமைச் சோதனை: ஃபெடரல் ரிசர்வை நம்பாதவர்கள் எதை ஆதரிப்பது?

அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வை (சுருக்கமாக ஃபெட்) இழுத்து மூட வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் அமெரிக்க லிபர்ட்டேரியன்களுக்கு, அதாவது அரசின் கை முடிந்தவரை குறைய வேண்டும் என்பவர்களுக்கு, 2025 தர்மசங்கடமான வருடம். வட்டியைக் குறைக்கச் சொல்லி அதிபர் டிரம்ப் அப்போதைய ஃபெட் தலைவர் ஜெரோம் பவலைப் பகிரங்கமாகத் திட்டினார். ஆகஸ்டில் ஆளுநர் குழு உறுப்பினர் லிசா குக்கைப் பதவி நீக்குவதாக அறிவித்தார். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். ஃபெட்டைப் பிடிக்காதவர்களுக்கு இதைப் பார்த்தால் கைதட்டத் தோன்றும். ஆனால் அடி வாங்குகிறவன் நமக்கு ஆகாதவன் என்பதற்காக அடிக்கிறவன் நம் ஆள் ஆகிவிட மாட்டான். ஒரு குழு அறைக்குள் உட்கார்ந்து வட்டியை நிர்ணயிக்கிறதே என்பதுதான் லிபர்ட்டேரியனின் குறை. அந்தக் குழுவை ஒரே ஆளாகச் சுருக்கினால் குறை தீருமா என்ன?

சரி, ஃபெட் வேண்டாம் என்றால் வேறு என்ன வேண்டும்? இங்கேதான் சிக்கல். இந்தக் கேள்விக்கு லிபர்ட்டேரியன்களிடம் ஒரே பதில் கிடையாது. நாணயத்தைக் குறித்த அளவு தங்கத்தோடு கட்டும் பொன் திட்டத்துக்குத் திரும்பச் சொல்பவர்கள், மத்திய வங்கியை விதியால் கட்டிப்போடச் சொல்பவர்கள், தனியார் வங்கிகளே நோட்டு அச்சடிக்கட்டும் என்பவர்கள், பிட்காயின் போதும் என்பவர்கள், சொந்த நாணயமே வேண்டாம், டாலரை எடுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் என்று ஐந்து முகாம்கள் இருக்கின்றன. ஃபெட்டோடு போடும் சண்டையைவிட இவர்கள் தங்களுக்குள் போடும் சண்டை காரமானது. (‘தாராளவாதி’ என்று தமிழில் எழுதினால் அமெரிக்காவில் அதற்கு இடதுசாரிச் சாயல் வந்துவிடுகிறது. அதனால் லிபர்ட்டேரியன் என்றே வைத்துக்கொள்கிறேன்.)

எது நல்ல பணம் என்று கேட்டால் இந்தச் சண்டை முடியவே முடியாது. நான் வேறொன்றைக் கேட்கிறேன். 1971 ஆகஸ்ட் 15 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் வாங்கும் வசதியைத் ‘தற்காலிகமாக’ நிறுத்துவதாகச் சொன்னார். விலைகளையும் சம்பளங்களையும் 90 நாள் உறைய வைத்தார். தற்காலிகம் இன்னும் முடியவில்லை. சந்தை மூடியிருக்கும் நாள் என்பதால்தான் ஞாயிறு. அந்த வருடம் டிசம்பரில் கொலராடோவில் லிபர்ட்டேரியன் கட்சி தொடங்கப்பட்டதற்கு இந்த அறிவிப்பும் ஒரு காரணம். ஆக, என் சோதனை இதுதான்: கொடுத்த வாக்கை ஒரு ஞாயிறு மாலையில் யாராவது மீற முடியுமா? மீறினால் அவருக்கு என்ன நஷ்டம்?

பொன் திட்டம்

லிபர்ட்டேரியன் அரசியல்வாதி ரான் பால் முதல் பலரும் முதலில் கை காட்டுவது இதைத்தான். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பிரிட்டன் 1821 முதல் 1914 வரை பொன்னோடு கட்டுண்டு இருந்தது; அமெரிக்கா 1879-இல் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. விலைவாசி வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கினாலும் தலைமுறைக் கணக்கில் பெரிதாக மாறவில்லை. நூறு வருடக் கடன் பத்திரத்தை மனிதர்கள் பயமில்லாமல் வாங்கிய காலம் அது. அரசுக்குப் பணம் வேண்டுமென்றால் வரி போட வேண்டும் அல்லது கடன் வாங்க வேண்டும். அச்சடிக்க முடியாது.

ஆனால் என் சோதனையில் பொன் திட்டம் படுமோசமாகத் தோற்கிறது. 1797-இல் பிரான்சோடு போர் நடந்தபோது இங்கிலாந்து வங்கி தங்கம் கொடுப்பதை நிறுத்தியது. மறுபடி கொடுக்க 24 வருடம் ஆயிற்று. 1914-இல் போரில் இறங்கிய நாடுகள் வரிசையாகக் கைவிட்டன. 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வெளியிட்ட ஆணை, மக்கள் தங்கள் பொன் நாணயங்களை மே 1-க்குள் ஒப்படைக்க வேண்டும் என்றது. ஆளுக்கு 100 டாலர் மதிப்புள்ள நாணயம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் மறைத்தால் 10,000 டாலர் வரை அபராதம், பத்து வருடம் வரை சிறை. கொடுத்தவர்களுக்கு அவுன்ஸுக்கு 20.67 டாலர் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் அரசு அதே அவுன்ஸின் விலையை 35 டாலர் ஆக்கியது. ‘கடனைத் தங்கமாகவே திருப்பித் தருவேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் செல்லாது என்றது. 1935-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசின் பக்கமே நின்றது.

பொன் திட்டம் என்பது தங்கம் கொடுக்கும் உறுதிமொழி இல்லை. தங்கம் தருவதாக அரசு கொடுக்கும் உறுதிமொழி. பெட்டிக்குள் என்ன உலோகம் இருந்தால் என்ன, பூட்டின் சாவி அதே ஆளிடம்தானே இருக்கிறது?

திரும்பப் போக வேண்டுமென்றால் எந்த விலையில் போவது என்ற கேள்வியும் இருக்கிறது. 1925-இல் பிரிட்டன் போருக்கு முந்தைய பழைய விலையிலேயே திரும்பியது. விலைகளும் கூலிகளும் கீழே வர வேண்டியிருந்தது; சுரங்கத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள்; 1931 செப்டம்பரில் திட்டத்தையே கைவிட்டது. இன்றைய கணக்கைப் பாருங்கள். அமெரிக்க அரசிடம் சுமார் 26 கோடியே 15 லட்சம் அவுன்ஸ் தங்கம் இருக்கிறது. ஏடுகளில் இன்னும் அவுன்ஸுக்கு 42.22 டாலர் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் சந்தை விலை 4,000 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் மொத்தக் கையிருப்பு சுமார் ஒரு லட்சம் கோடி டாலர். புழக்கத்திலும் வங்கிக் கணக்குகளிலும் இருக்கும் டாலர்களோ சுமார் 22 லட்சம் கோடி. பொருளாதார நிபுணர் முர்ரே ராத்பார்ட் கேட்டதுபோல ஒவ்வொரு டாலருக்கும் முழுத் தங்கம் வேண்டுமென்றால் அவுன்ஸ் விலை 84,000 டாலர் பக்கம் போக வேண்டும். முழுத் தங்கம் வேண்டாம், கொஞ்சம் இருந்தால் போதும் என்றால் மறுபடி வங்கியின் வாக்கைத்தான் நம்புகிறோம். ரீகன் காலத்தில் இதை ஆராய ஒரு தங்க ஆணையமே அமைத்தார்கள். 1982-இல் பெரும்பான்மை வேண்டாம் என்றது. ஆணையத்தில் இருந்த ரான் பாலும் தொழிலதிபர் லூயிஸ் லேர்மனும் மாற்று அறிக்கை எழுதினார்கள். அந்த அறிக்கையின் வரலாற்றுப் பகுதி இன்றும் படிக்கத் தக்கது. திரும்பிப் போகும் வழிதான் அப்போதும் தெளிவாக இல்லை, இப்போதும் இல்லை.

விதியால் கட்டப்பட்ட மத்திய வங்கி

பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மனின் வழி இது. 1929 முதல் 1933 வரை அமெரிக்கப் பண அளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியதை ஃபெட் வேடிக்கை பார்த்தது என்று 1963-இல் அவரும் அன்னா ஷ்வார்ட்ஸும் எழுதிக் காட்டினார்கள். அவருடைய மருந்து எளிது: பண அளவு வருடத்துக்கு இத்தனை சதவீதம் கூடட்டும், அதற்கு மேல் யாரும் கை வைக்க வேண்டாம். 1979 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை அன்றைய ஃபெட் தலைவர் பால் வோல்க்கர் பண அளவைக் குறிவைக்கப் போவதாக அறிவித்தார். (வார இறுதியில் என்னதான் இருக்கிறதோ!) பணவீக்கம் அடங்கியது. ஆனால் பணம் கைமாறும் வேகம் கணக்குக்குள் அடங்காமல் போக, 1982-இல் அந்தக் குறியைக் கைவிட்டார்கள். பிறகு 1993-இல் பொருளாதார நிபுணர் ஜான் டெய்லரின் வட்டிச் சூத்திரம் வந்தது. நாட்டின் மொத்தப் பணச் செலவை ஒரே வேகத்தில் வளரவிடச் சொல்லும் ஸ்காட் சம்னரின் யோசனை வந்தது. கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. 2008-இல் அது ஃபெட்டிடம் பணப் பிடியைச் சீக்கிரம் தளர்த்தச் சொல்லியிருக்கும், 2021-இல் சீக்கிரம் இறுக்கச் சொல்லியிருக்கும்.

விதி இல்லாததன் விலை 2020-க்குப் பிறகு தெரிந்தது. இரண்டே வருடத்தில் பண அளவு சுமார் 40 சதவீதம் கூடியது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. 2 சதவீதம் என்ற இலக்கு 2012 முதல் இருக்கத்தான் செய்தது. 2020 ஆகஸ்டில் அதை ‘சராசரியாக 2’ என்று ஃபெட்டே மாற்றிக்கொண்டது, 2025-இல் மறுபடி அதுவே கைவிட்டது. விதியை எழுதுகிறவரும் அவரே, அளக்கிறவரும் அவரே, தவறினால் மன்னிக்கிறவரும் அவரே.

நியூசிலாந்து இதைக் கொஞ்சம் நேர்மையாகச் செய்தது. 1989 சட்டப்படி நிதியமைச்சரும் வங்கி ஆளுநரும் இலக்கை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். தவறினால் ஆளுநரை நீக்க வழி உண்டு. இலக்கு 0 முதல் 2 என்று தொடங்கி, 1996-இல் 0 முதல் 3 ஆகி, 2002-இல் 1 முதல் 3 ஆகியது. வழுக்கல்தான், ஆனால் எல்லோர் கண்முன்னாலும் நடந்த வழுக்கல். ஞாயிறு இரவில் நடக்கவில்லை. அமெரிக்காவில் ஃபெட் தன் விதியை எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற மசோதா 2015 நவம்பரில் கீழவையில் நிறைவேறி, அதற்கு மேல் நகரவில்லை.

டாலரை எடுத்துக்கொள்வது

இது அமெரிக்காவுக்குப் பொருந்தாத வழி. ஆனாலும் உலகின் கண் இப்போது இதன் மேல்தான், அர்ஜென்டினா அதிபர் ஹாவியர் மிலெய் புண்ணியத்தில். மத்திய வங்கியைக் கொளுத்துவேன், நாட்டின் நாணயமான பெசோவை ஒழிப்பேன் என்று சொல்லி 2023 டிசம்பர் 10 அன்று அவர் பதவி ஏற்றார். அந்த மாதம் மட்டும் விலைவாசி 25.5 சதவீதம் ஏறியது. ஒரு வருடம் கழித்து மாத ஏற்றம் 2.7 சதவீதம். சாதனைதான். ஆனால் அதைச் சாதித்தது டாலர் இல்லை. செலவை வெட்டி, அரசுக்காக நோட்டு அச்சடிப்பதை நிறுத்தியதுதான். மத்திய வங்கி இன்னும் திறந்திருக்கிறது. பெசோவும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சர்வதேச நாணய நிதியத்திடம் 2,000 கோடி டாலர் கடன் பேசி, பெசோவை ஒரு கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் நிறுத்தினார். அக்டோபரில் அந்த எல்லையைக் காக்க அமெரிக்க நிதித்துறை இன்னொரு 2,000 கோடி டாலருக்கு நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் தர வேண்டியிருந்தது. உலகிலேயே உரக்கப் பேசும் லிபர்ட்டேரியன் அதிபர் தன் நாணய விலையை இன்னொரு அரசின் கருவூலத்தைக் கொண்டு தாங்கிப் பிடித்தார். அவரைக் குறை சொல்லவில்லை. பதவி ஏற்றபோது, கடனைக் கழித்தால் மத்திய வங்கியின் டாலர் கையிருப்பே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. டாலர்மயமாக்க டாலர் வேண்டுமே!

ஈக்வடார் இதற்கு நேர் எதிர். 2000 ஜனவரி 9, அதுவும் ஞாயிறுதான், அதிபர் மஹுவாத் தன் நாட்டு நாணயமான சூக்ரே 25,000-க்கு ஒரு டாலர் என்று அறிவித்தார். இரண்டு வாரத்துக்குள் அவர் பதவியே போயிற்று. டாலர் போகவில்லை. அந்த ஏற்பாட்டைக் கடுமையாக எதிர்த்த பொருளாதாரப் பேராசிரியர் ரஃபேல் கொர்ரேயா 2007 முதல் பத்து வருடம் ஆண்டார். வெளிநாட்டுக் கடனைக் கட்ட மறுத்தார், ஆனால் டாலரை அகற்ற முடியவில்லை. 2014-இல் மத்திய வங்கி வழியாக மின்னணுப் பணம் ஒன்றை அறிமுகப்படுத்திப் பார்த்தார்கள். மக்கள் அதைச் சீந்தவில்லை. ஒரு ஞாயிறு உரையால் கொண்டுவந்ததை இன்னொரு ஞாயிறு உரையால் எடுக்க முடியாமல் போனது ஏன்? மக்களின் பைக்குள் இருந்தது வேறொரு நாட்டின் நோட்டு, அவ்வளவுதான்.

அர்ஜென்டினா 1991-இல் செய்தது அரைகுறை டாலர்மயம். நோட்டு பெசோ, வாக்கு டாலர், ஒன்றுக்கு ஒன்று. 2001 டிசம்பரில் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். அடுத்த மாதம் வாக்கைத் திரும்பப் பெற்றார்கள். வங்கியில் டாலராகவே போட்டு வைத்தவர்களுக்கு டாலருக்கு 1.40 பெசோ தருவதாகச் சட்டம் வந்தது. சில மாதங்களில் வெளியே ஒரு டாலர் மூன்று பெசோவுக்கு மேல் போயிற்று. உடைந்த நிறுவனங்கள் உள்ள நாட்டுக்கு முழு டாலர்மயம் நல்ல மருந்து, அரை டாலர்மயம் விஷம் என்பேன். அப்போதும் சாவி ஒழியவில்லை, வாஷிங்டனுக்குப் போகிறது. 1988-இல் அமெரிக்கா பனாமாமீது தடை விதித்தபோது அங்கே வங்கிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன.

வங்கிகளே நோட்டு அடிக்கட்டும்

கேட்டவுடன் சிரிப்பு வரும் வழி இது. எனக்கும் முதலில் வந்தது. ஸ்காட்லாந்தைப் படித்த பிறகு வரவில்லை.

ஸ்காட்லாந்து வங்கியின் ஏகபோகம் 1716-இல் காலாவதியானது. 1727-இல் ராயல் வங்கி வந்தது. இரண்டும் முதலில் ஒன்றை ஒன்று அழிக்கப் பார்த்தன. எதிராளியின் நோட்டுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, ஒரே நாளில் கொண்டுபோய் வெள்ளி கொடு என்று கேட்பதுதான் ஆயுதம். 1728-இல் பழைய வங்கி கொஞ்ச காலம் கதவை மூடவே வேண்டியிருந்தது. நாளடைவில் இந்தச் சண்டையே ஒழுங்கானது. ஒருவர் நோட்டை மற்றவர் வாங்கி, குறித்த நாளில் கூடி, மாற்றிக்கொண்டு கணக்குத் தீர்த்தார்கள். அதிகமாக அச்சடித்தவர் அடுத்த கூட்டத்திலேயே மாட்டிக்கொள்வார். அரசு ஆய்வாளரைவிடக் கண்காணிப்பான ஆள் போட்டி வங்கிக்காரர்!

1769-இல் தொடங்கிய அயர் வங்கி தாராளமாகக் கடன் கொடுத்து 1772-இல் விழுந்தது. அதன் பங்குதாரர்களுக்குப் பொறுப்பில் எல்லை கிடையாது. நிலச்சுவான்தார்கள் பண்ணைகளை விற்றார்கள். நோட்டு வைத்திருந்தவர்களுக்கு முழுப் பணமும் கிடைத்தது. வாக்கை மீறினால் யாருக்கு நஷ்டம் என்ற என் கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதில் வேறெங்கும் இல்லை. பெரிய வங்கிகள் அயர் வங்கியின் நோட்டை எப்போதோ வாங்கித் திருப்பியனுப்பத் தொடங்கியிருந்ததால் நோய் பரவவும் இல்லை. 1845-இல் பீல் பிரதமராக இருந்தபோது வந்த சட்டம் இந்தச் சுதந்திரத்தை முடித்தது. அது தானாகத் தோற்று முடியவில்லை.

இதை ஒரு பொற்காலம் ஆக்கிவிடக் கூடாது. உடனே பணம் தராமல் தள்ளிப்போடலாம் என்று நோட்டில் அச்சடிக்கும் வழக்கத்தை 1765-இல் சட்டம் தடுத்தது. 1797-இல் லண்டன் தங்கம் கொடுப்பதை நிறுத்தியபோது ஸ்காட்லாந்து வங்கிகளும் நிறுத்தின. லண்டனைச் சார்ந்து இருந்ததால்தான் தப்பித்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கனடா இன்னும் வலுவான சாட்சி. 1935 வரை அங்கே மத்திய வங்கியே கிடையாது, நோட்டுகள் பெரும்பாலும் வங்கிகளுடையவை. 1930-களின் பெருமந்தத்தில் ஒரு வங்கிகூட விழவில்லை. அதே நேரத்தில் பக்கத்து அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் மூடின, ஃபெட் இருந்தும்! நாடெங்கும் கிளை திறக்கக் கனடாவில் அனுமதி இருந்தது, அமெரிக்காவில் ஒவ்வொரு ஊர் வங்கியும் அந்த ஊரின் அறுவடையோடு கட்டப்பட்டிருந்தது.

‘அமெரிக்காவில் 1837 முதல் 1863 வரை இதைச் செய்துதானே பார்த்தார்கள், ‘காட்டுப்பூனை’ என்று பெயரெடுத்த மோசடி வங்கிகள் மக்களை ஏமாற்றினவே?’ என்று கேட்பார்கள். அந்தக் காலத்துக்குச் ‘சுதந்திர வங்கி’ என்று பெயர் இருந்ததே தவிர, சுதந்திரம் குறைவு. மாநில அரசுகளின் கடன் பத்திரங்களை ஈடு வைத்தால்தான் நோட்டு அச்சடிக்கலாம். பத்திரம் விழுந்தால் வங்கியும் விழும். 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தென் மாநிலப் பத்திரங்கள் சரிந்தன. அவற்றை ஈடு வைத்திருந்த இல்லினாய் வங்கிகளில் பெரும்பாலானவை போயின.

இப்போது 2025 ஜூலை 18-க்கு வாருங்கள். அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஜீனியஸ் சட்டம் ஸ்டேபிள்காயின்களுக்கு, அதாவது ஒரு டாலர் மதிப்பில் நிலைத்திருப்பதாக வாக்குத் தரும் மின்னணு நாணயங்களுக்கு, சட்ட அங்கீகாரம் தந்தது. தனியார் நிறுவனம் வெளியிடும் டாலர்! பொருளாதார நிபுணர் ஹாயெக் 1976-இல் கேட்ட தனியார் நாணயப் போட்டி வந்துவிட்டது என்று மகிழத் தோன்றும். சட்டத்தின் உள்ளே பாருங்கள். கையிருப்பு ரொக்கமாகவோ, வங்கி வைப்பாகவோ, 93 நாளுக்குள் முதிரும் அரசுப் பத்திரமாகவோ, அதுபோன்ற சிலவாகவோதான் இருக்க வேண்டும். வெளியிடுகிறவர் வட்டி தரக் கூடாது. ஹாயெக் கேட்டது டாலரோடு போட்டி போடும் நாணயம். கிடைத்திருப்பது டாலருக்கு இன்னொரு சட்டை, கூடவே அரசுக் கடனுக்கு ஒரு புது வாடிக்கையாளர். 1837-இன் பத்திர ஈடு விதி வேறு உருவில் திரும்பியிருக்கிறது. முதிர்வுக் காலம் குறைவு என்பதால் இல்லினாய் போன்ற விபத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு சோதனையும் ஏற்கெனவே நடந்துவிட்டது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது யூஎஸ்டிசி ஸ்டேபிள்காயினின் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டியது. ஒரு டாலர் நாணயம் 90 சென்ட்டுக்குக் கீழே போயிற்று. மார்ச் 12, ஞாயிறு மாலை, எல்லா வைப்பாளர்களுக்கும் முழுப் பணம் தரப்படும் என்று அரசு அறிவித்ததும் மீண்டது. இந்த முறை ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் சாவி எங்கே இருக்கிறது என்று எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

பிட்காயின்

ஞாயிற்றுக்கிழமையே இல்லாத பணம் இது, சந்தை மூடுவதில்லை. 2.1 கோடிக்கு மேல் நாணயம் வராது என்ற விதியை 2009 ஜனவரி முதல் யாராலும் மாற்ற முடியவில்லை. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2017. பெரிய நிறுவனங்களும் ‘சுரங்கக்காரர்’களில் (கணினிகளை ஓட்டிப் பரிவர்த்தனைகளைப் பதிவுசெய்து புது நாணயம் பெறுகிறவர்கள்) பெரும்பகுதியினரும் கூடிப் பேசி, பரிவர்த்தனைத் தொகுப்பின் அளவை இரட்டிப்பாக்க ஒப்பந்தம் போட்டார்கள். சாதாரணப் பயனாளர்கள் அந்த மென்பொருளை ஓட்ட மறுத்தார்கள். நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். செல்வாக்குள்ளவர்கள் சேர்ந்து விதியை மாற்ற முயன்று தோற்ற நாணய வரலாறு வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

சோதனையில் முதல் மதிப்பெண். ஆனால் பணமாக? 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கியது, சரியாக ஒரு வருடத்தில் 16,000-க்குக் கீழே இருந்தது. அளவு கூடாது என்பதால், தேவை கூடினாலும் குறைந்தாலும் எல்லாம் விலையிலேயே விழுகிறது. இதில் சம்பளம் பேச முடியாது, வீட்டுக் கடன் எழுத முடியாது. ஸ்காட்லாந்து வங்கிகளால் அறுவடைக் காலத்தில் நோட்டைக் கூட்டி, பிறகு குறைக்க முடிந்தது. பிட்காயினுக்கு அந்த மூச்சு கிடையாது. கிரிப்டோ சந்தை நிறுவனமான எஃப்டிஎக்ஸ் 2022-இல் விழுந்தபோது நாணயத்தின் விதி உடையவில்லை. தங்கள் சாவியை இன்னொருவரிடம் கொடுத்து வைத்தவர்கள்தான் மாட்டினார்கள்.

அரசுகள் இதைத் தழுவும்போது நடப்பதுதான் வேடிக்கை. எல் சல்வடோர் 2021-இல் இதைச் சட்டபூர்வப் பணமாக்கியது. அந்தச் சட்டத்தின்படி வணிகர்கள் பிட்காயினை வாங்கித்தான் ஆக வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்க வைக்கும் சுதந்திரப் பணம்! 2025 ஜனவரியில், நிதியத்தின் கடனுக்காக, அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். நிதியம் சொல்லி ஒரு நாடு கொஞ்சம் லிபர்ட்டேரியன் ஆனது. அமெரிக்கா 2025 மார்ச்சில் அறிவித்த பிட்காயின் கையிருப்போ குற்ற வழக்குகளில் பறிமுதல் செய்த நாணயங்களால் ஆனது. பறிமுதல் அதிகாரத்தை எதிர்த்தே வாழ்ந்தவர்கள் அதைக் கொண்டாடினால் என்ன சொல்ல?

எதைக் கேட்பது

அரசியலுக்கு வருவோம். அமெரிக்க அரசின் கடன் 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 2024 நிதியாண்டில் நிகர வட்டிச் செலவு பாதுகாப்புச் செலவை மிஞ்சியது. இந்த நிலையில் வட்டி ஒரு சதவீதம் குறைந்தால் கருவூலத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். 1942 முதல் 1951 வரை ஃபெட் அரசின் நீண்ட காலப் பத்திர வட்டியை 2.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் பிடித்து வைத்திருந்தது; 1951 ஒப்பந்தத்தில்தான் கை விடுபட்டது. 1972 தேர்தலுக்கு முன் நிக்சன் அன்றைய ஃபெட் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை நெருக்கியதும் அதன் பிறகு வந்த பணவீக்கமும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஃபெட் கெட்டது என்பதற்காக அதை அதிபரின் காலடியில் போடுவது, வேலி சரியில்லை என்று மாட்டை உள்ளே விடுவது போல. எனவே இந்தச் சண்டையில், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது, ஃபெட்டின் சுதந்திரத்தின் பக்கம் நிற்பேன்.

ஃபெட்டைத் தணிக்கை செய்யக் கேட்பது வேறு விஷயம். நெருக்கடிக் காலக் கடன்களை ஒரு முறை தணிக்கை செய்ய 2010 சட்டம் சொன்னது. அடுத்த வருடம் அறிக்கை வந்தது, வானம் இடிந்து விழவில்லை. வட்டி முடிவுகளையும் தணிக்கைக்குக் கொண்டுவரும் மசோதா 2016 ஜனவரியில் மேலவையில் 53-க்கு 44 என்று போய், தேவையான 60 கிடைக்காமல் நின்றது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற தணிக்கையை முழுதாக ஆதரிக்கிறேன். வட்டி முடிவுத் தணிக்கையை, செனட்டர்கள் வட்டியைக் குறைக்கச் சொல்லி மிரட்டும் கருவி ஆகிவிடுமோ என்ற தயக்கத்தோடு மட்டும்.

ஐந்தில் எது? அரசே நடத்தும் பொன் திட்டத்தை என் பட்டியலின் கடைசியில் வைக்கிறேன், மனசுக்கு நெருக்கமானது அதுதான் என்றாலும். டாலர்மயம் சிலருக்கு, அமெரிக்காவுக்கு இல்லை. பிட்காயின் தப்பிக்கும் வாசல், குடியிருக்கும் வீடு இல்லை. மிஞ்சுவது விதியும் போட்டியும். விதி இன்றைக்கே முடியும்: மொத்தச் செலவு இலக்கு, அதை எழுதிக் கையெழுத்திடும் தலைவர், தவறினால் நியூசிலாந்து போல ஒரு விளைவு. பவலின் தலைவர் பதவிக்காலம் 2026 மே வரைதான்; அவருக்குப் பின் தலைவராகிறவரிடம் கேட்க வேண்டியது அது.

நான் அதிகம் விரும்புவது போட்டியை. ‘டாலர் இருக்கும்போது யார் மாறுவார்கள்?’ என்ற கேள்வி சரியானதே. அமைதியான காலத்தில் யாரும் மாற மாட்டார்கள். எல்லோரும் பேசும் மொழியைப் போன்றது பணம். பத்து சதவீதம் நல்ல மொழி வந்தால் யாரும் தாவுவதில்லை. ஆனால் மாற முடியும் என்பது தெரிந்தாலே அச்சடிக்கும் கை கொஞ்சம் யோசிக்கும். இன்று மாற முடியாமல் தடுப்பது எது? அதிகாரபூர்வமான தடை என்று பார்த்தால் குறைவு. 1974-இன் கடைசி நாள் முதல் தங்கம் வைத்திருப்பது குற்றமில்லை. 2011-இல் யூட்டா மாநிலம் பொன், வெள்ளி நாணயங்களைச் சட்டபூர்வப் பணமாகவே ஏற்றது. ஆனால் அதே வருடம் லிபர்ட்டி டாலர் என்ற தனியார் வெள்ளி நாணயத்தை வெளியிட்டவருக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் குற்றத் தீர்ப்பு கொடுத்தது. நாணயம் அடிக்காமல், இருக்கும் தங்கத்தில் ஒரு பொருளை வாங்கினால்கூட, அதன் விலை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எவ்வளவு ஏறியது என்று கணக்கெழுதி, நீண்ட கால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி கட்ட வேண்டும். டாலர் மதிப்பு இழந்ததால் வந்த ‘லாபம்’ அதில் பாதிக்கு மேல் இருந்தாலும் விலக்கு இல்லை. பிட்காயினில் ஒரு காபி வாங்கினாலும் அதே கணக்கு வேலை. இதைச் சரிசெய்ய ஃபெட்டை மூடவும் வேண்டாம், தங்கத்துக்கு விலை நிர்ணயிக்கவும் வேண்டாம். வரிச் சட்டத்தில் ஓரிரண்டு பிரிவுகளைத் திருத்தினால் போதும்.